ஈறு விலகலும் ஈற்றொட்டும்

‘பல் போனால் சொல் போகும்’ என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. எழுத்துகளின் பிறப்பைக் கூறவந்த தொல்காப்பியர், தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு உறுப்புகளை எண்ணிச் சொன்னார். அவ்வெண்ணிக்கையில் ஈறு தனியே இடம்பெறவில்லை. ஆயினும், அண்ணத்தைச் சார்ந்த பல்லின் அடியை நாநுனி பரந்து ஒற்றும்போது தகரமும் நகரமும் பிறக்கும் என்று அவர் வகுத்துக் காட்டிய இடம், பல்லும் ஈறும் கூடும் இடமேயாகும். சொல்லுக்குப் பல் துணை. பல்லுக்கு ஈறு காவல். அக்காவல் தன் இடத்தை விட்டு விலகுமாயின் யாது நேரும், விலகிய இடத்தை மீண்டும் மூட மருத்துவம் கண்டுள்ள வழி யாது, அவ்வழி யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பவை அறிந்துகொள்ளத் தக்கவை.

ஈற்றின் அமைப்பு

பல்லின் வெளியே தெரியும் பகுதி முடி எனப்படும். அதனை எனாமல் என்னும் பற்சிப்பி போர்த்தியிருக்கிறது. உடலில் அதனினும் கடினமான பொருள் வேறில்லை. தாடையெலும்பினுள் புதைந்திருக்கும் பகுதி வேர். வேருக்கு அத்தகைய கவசம் கிடையாது. சிமெண்டம் என்னும் மிக மெல்லிய பூச்சே உண்டு. முடியும் வேரும் கூடும் இடத்தைப் பல்லின் கழுத்து என்பர். உடல் நலமுள்ள ஒருவருக்கு ஈற்றின் விளிம்பு இக்கழுத்தை அணைத்தபடி நிற்கும்.

கண்ணாடி முன் நின்று கீழுதட்டைச் சற்றே இழுத்துப் பார்த்தால் ஈற்றில் இருவகைப் பகுதிகள் இருத்தல் புலனாகும். பல்லை ஒட்டிய பகுதி வெளிர்சிவப்பாய், உறுதியாய், அசையாமல் எலும்போடு பிணைந்திருக்கும். அதற்கு அப்பால் உதட்டை நோக்கிச் செல்லும் பகுதி செக்கச் சிவந்து, மென்மையாய், உதடு அசையும்போதெல்லாம் தானும் அசையும். முன்னதன் மேற்பரப்பில் கெரட்டின் என்னும் உரம் வாய்ந்த பொருள் உண்டு, பின்னதில் இல்லை. உணவின் உராய்வையும் பிரஷின் தேய்ப்பையும் தாங்குவது முன்னதே. வாயின் மேற்கூரையாகிய அண்ணத்தின் கடினப் பகுதியும் இவ்வுறுதியான வகையைச் சேர்ந்ததே. பின்னர்க் கூறப்படும் சிகிச்சைக்கு அடிப்படை இந்த ஒற்றுமைதான்.

விலகுவது ஏன்?

ஈற்றின் விளிம்பு பல்லின் கழுத்தை விட்டு வேரை நோக்கி இறங்கி, வேர் வெளியே தெரிவதே ஈறு விலகல். கீழ்ப்பற்களில் அது தாழும். மேற்பற்களில் அது உயரும். பார்ப்போர், பல் நீண்டுவிட்டது என்று கருதுவர். பல் நீளவில்லை, அதன் போர்வைதான் குறைந்துள்ளது. முதுமை வந்தால் இது நேரும் என்பதும் பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதை ஒரு பெரிய ஆராய்ச்சி தெளிவுபடுத்தியது. தமிழர்கள் அதனைச் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும்.

நார்வே நாட்டைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவ அறிஞரும் அவர்தம் துணைவர்களும் 1969இல் ஓஸ்லோ நகரில் 565 ஆடவரையும், 1970இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் இரண்டில் 480 ஆடவரையும் சோதிக்கத் தொடங்கினர். ஓஸ்லோ நகரத்தார் மாணவரும் கல்வித்துறையினரும் ஆவர். குழந்தைப் பருவம் முதலே பல் மருத்துவரின் கவனிப்பில் இருந்தவர்கள். நாள்தோறும் பிரஷ் கொண்டு பல் துலக்கியவர்கள். தோட்டத்தாரோ பல் மருத்துவம் என்பதையே அறியாதவர்கள். பிரஷ் பயன்படுத்தும் பழக்கமும் இல்லாதவர்கள். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைப்போரில் பெரும்பாலோர் தமிழரே என்பது யாவரும் அறிந்தது. இவ்விரு கூட்டத்தாரையும் ஏறத்தாழ 20 ஆண்டுக்காலம் இடையிடையே சோதித்துவந்து, ஈறு விலகல் பற்றிய முடிவுகளை 1992இல் அவர்கள் வெளியிட்டனர்.

அம்முடிவுகள் வியப்பூட்டுவன. நன்கு பல் துலக்கிய நார்வே நாட்டாரில் 20 வயதிலேயே நூற்றுக்கு 60 பேருக்கு மேல் ஈறு விலகல் இருந்தது. 50 வயதை நெருங்கும்போது 90 பேருக்கு மேல் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் கன்னத்தையும் உதட்டையும் நோக்கிய புறப்பக்கத்தில் மட்டுமே காணப்பட்டது. தோட்டத்தாரில் 20 வயதுக்கு முன் நூற்றுக்கு 30 பேருக்கு மேல் அது இருந்தது; 30 வயதில் 90 பேருக்கு இருந்தது; 40 வயதில் அதற்குத் தப்பியவர் எவரும் இல்லை. அதுவும் புறப்பக்கத்தோடு நில்லாமல், நாவை நோக்கிய உட்பக்கத்திலும், ஒரு பல்லுக்கும் மறு பல்லுக்கும் இடையிலும் பரவியிருந்தது.

ஒரே நோய் இரு வேறு வடிவில் தோன்றுவதற்குக் காரணம் இரு வேறாக இருத்தல் வேண்டும். நார்வே நாட்டார்க்கு நேர்ந்தது பெரும்பாலும் தேய்ப்பினால் வந்தது. கடினமான பிரஷை அழுத்திப் பிடித்து, மரம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்துத் தேய்ப்போருக்கு ஈறு சிறுகச் சிறுக விலகும். கரித்தூள், உமிக்கரி, செங்கற்பொடி ஆகியவற்றை வைத்து அழுத்தித் துலக்குவோர்க்கும் இத்தகைய தேய்மானமே நேரும். தோட்டத்தார்க்கு நேர்ந்ததோ அழுக்கினால் வந்தது. பல்லில் படியும் படலம் நீக்கப்படாமல் இறுகிக் காரையாகி, ஈற்றை வீங்கச் செய்து, பல்லைத் தாங்கும் எலும்பையே கரைத்துவிட, எலும்பைத் தொடர்ந்து ஈறும் விலகியது. சுருங்கச் சொன்னால், துலக்காமையும் கேடு. முறையறியாது துலக்கலும் கேடு.

இவை தவிர வேறு துணைக் காரணங்களும் உள. பிறவியிலேயே ஈறு மெல்லியதாக அமைதல், பல் வரிசை தவறி முன்னே துருத்தி நிற்றல், பற்களைக் கம்பி கட்டி நகர்த்தும்போது பல் எலும்பின் எல்லையைத் தாண்டுதல், உதட்டையும் ஈற்றையும் பிணைக்கும் சிறு தசைநார் விளிம்புவரை வந்து இழுத்தல், புகைத்தல், புகையிலை மெல்லுதல் ஆகியவை அவை.

விலகலின் விளைவுகள்

வேர் வெளிப்பட்டதும் முதலில் தோன்றுவது கூச்சம். வேரின் மெல்லிய பூச்சு விரைவில் தேய்ந்து, உள்ளிருக்கும் டென்டின் என்னும் பகுதி வெளிப்படும். அதில் கண்ணுக்குப் புலனாகாத நுண்குழாய்கள் எண்ணிறந்தன உள்ளன. அவற்றினுள் நீர்மம் நிறைந்திருக்கிறது. குளிர்நீரோ சூடான தேநீரோ பட்டவுடன் அந்நீர்மம் அசைய, அவ்வசைவு பல்லின் நடுவிலுள்ள நரம்பைத் தூண்டுகிறது. அதுவே ‘சுரீர்’ என்று பாயும் கூச்சம்.

அடுத்தது வேர்ச்சொத்தை. எனாமலைக் கரைக்கும் அமிலத்தைவிட மெல்லிய அமிலமே வேரைக் கரைக்கப் போதுமானது. ஆகவே வெளிப்பட்ட வேர் எளிதில் சொத்தையாகும். மூன்றாவது, தோற்றம் பற்றிய கவலை. மேடையேறிப் பேசுவோர்க்கும் வகுப்பில் மாணவர் முகம் நோக்கிப் பாடம் சொல்வோர்க்கும் இது சிறு கவலையன்று.

ஆயினும், ஈறு விலகிய ஒவ்வொருவருக்கும் பல் விழுந்துவிடும் என அஞ்ச வேண்டியதில்லை. காரணம் நீங்கினால் விலகல் பல்லாண்டுகள் அப்படியே நின்றுவிடுதலும் உண்டு. ஆனால் விலகிய ஈறு தானே வளர்ந்து முன்னிருந்த இடத்துக்கு வந்துவிடும் என எதிர்பார்த்தலும் தவறு. எந்தப் பற்பசையும், எந்த எண்ணெயும், எந்த மூலிகைப் பொடியும் அதனைச் செய்ய இயலாது. கூச்சத்தைத் தணிக்கும் பற்பசைகள் கூச்சத்தையே தணிக்கும், ஈற்றை வளர்க்கமாட்டா.

ஒட்டு முறையின் வரலாறு

இழந்த ஈற்றுக்கு ஈடுசெய்ய அறுவை மருத்துவர்கள் இருவகையில் முயன்றனர். ஒன்று, பக்கத்திலுள்ள ஈற்றையே அடியில் அறாமல் நகர்த்தி மூடுதல். 1956இல் குரூப், வாரன் என்னும் இருவர், அடுத்த பல்லின் ஈற்றை ஒரு பக்கமாக நகர்த்தி வெளிப்பட்ட வேரை மூடும் முறையை எழுதி வெளியிட்டனர். பக்கத்து ஈறு போதிய அகலமுடையதாக இருந்தால்தான் இது இயலும். ஒருவனது துணியைக் கிழித்து மற்றொருவனுக்குப் போர்த்தினாற்போல் முடிந்துவிடக்கூடாதன்றோ?

மற்றொன்று, வேறிடத்திலிருந்து ஒரு துண்டை முற்றிலும் பிரித்தெடுத்து வந்து ஒட்டுதல். 1963இல் பியோர்ன் என்பார் இத்தகைய தனி ஒட்டைப் பற்றி முதலில் எழுதினார். 1966இல் நேபர்ஸ் என்பாரும், 1968இல் சலிவன், அட்கின்ஸ் என்னும் இருவரும் அம்முறையின் நெறிகளை விளக்கினர். துண்டு எடுக்கப்படும் இடம் பெரும்பாலும் அண்ணமே. கோரைப்பல்லுக்கும் முதற் பெரிய கடைவாய்ப்பல்லுக்கும் நேரே உள்ள பகுதியிலிருந்து ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள ஏடு ஒன்று எடுக்கப்படும். எழுத்துகளின் பிறப்பிடமாகத் தொல்காப்பியர் எண்ணிய அண்ணமே ஈற்றுக்கும் கொடையளிக்கும் இடமாயிற்று.

இம்முறையில் இரு குறைகள் இருந்தன. மேல்தோலோடு எடுப்பதால் அண்ணத்தில் திறந்த புண் ஏற்பட்டு, ஆறும்வரை நோவு மிகுந்தது. ஒட்டிய துண்டும் சுற்றியுள்ள ஈற்றினும் வெளிறி, துணியில் வைத்துத் தைத்த ஒட்டுப்போலத் தனித்துத் தெரிந்தது. 1985இல் லாங்கர் என்னும் பெயருடைய இருவர் வெளியிட்ட முறை இக்குறைகளைப் பெரிதும் போக்கியது. அண்ணத்தின் மேல்தோலை ஒரு கதவுபோல் திறந்து, அதன் அடியிலுள்ள இணைப்புத் திசுவை மட்டும் எடுத்துக்கொண்டு, கதவை மீண்டும் மூடித் தைத்துவிடுவர். எடுத்த திசுவை வேரின்மேல் வைத்து, அங்குள்ள ஈற்றையே அதன்மேல் இழுத்துப் போர்த்தித் தைப்பர். வெளியே தெரிவது அவ்விடத்து ஈறே ஆதலால் நிறவேறுபாடு மிகவும் குறையும். ஈற்றைப் பல்லின் கழுத்தை நோக்கி இழுத்துத் தைத்தலும், அதன்கீழ் இணைப்புத் திசு வைத்தலும் சேர்ந்த முறையே இன்றும் வேரை மூடுவதில் தலைசிறந்ததாக மதிக்கப்படுகிறது.

ஒட்டு பிடிப்பது எப்படி?

மலேசிய மண்ணில் ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. கன்றின் பட்டையைச் சிறு கதவுபோல் திறந்து, நல்லினக் கிளையிலிருந்து மொட்டோடு உரித்த பட்டைத் துண்டை உள்ளே வைத்து, அசையாதபடி இறுகக் கட்டிவிடுவர். ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துக் கட்டவிழ்த்துச் சிறிது கீறிப் பார்க்கும்போது பசுமை தெரிந்தால் ஒட்டு பிடித்தது என்பது பொருள். துண்டு உலர்ந்தாலும் பிடிக்காது, அசைந்தாலும் பிடிக்காது, உயிருள்ள பரப்போடு நன்கு பொருந்தாவிட்டாலும் பிடிக்காது.

ஈற்றொட்டின் நியதியும் அதுவே. அண்ணத்திலிருந்து பிரிக்கப்பட்ட துண்டுக்குத் தன் சொந்த இரத்த ஓட்டம் இல்லை. முதல் இரண்டு மூன்று நாட்களில் அது தன் கீழுள்ள பரப்பிலிருந்து கசியும் நீர்மத்தை உறிஞ்சியே உயிர்வாழும். பின்னர் அப்பரப்பிலிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் துண்டினுள் வளர்ந்து புகும். ஏறத்தாழப் பத்து நாட்களில் இரத்த ஓட்டம் நிலைபெறும். துண்டு முதிர்ந்து உறுதிபெற ஆறு வாரம் ஆகும். முதல் நாட்களில் துண்டு சிறிது அசைந்தாலும், இடையே இரத்தம் கட்டிநின்றாலும், புதிய குழாய்கள் அறுந்து துண்டு மடியும்.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. கன்றின் பட்டைக்கடியில் எங்கும் உயிர்ப்பரப்பு இருக்கிறது. வெளிப்பட்ட வேரிலோ இரத்தக் குழாய் எதுவும் இல்லை. அது பாறைபோன்றது. ஆகவே வேரின்மேல் கிடக்கும் திசு, இருபக்கத்து உயிர்ப்பரப்பிலிருந்தே உணவு பெறவேண்டும். இதனால்தான் துண்டை வேரைவிட அகலமாக வைக்கின்றனர். இணைப்புத் திசு முறையில் கீழிருந்தும், மேலே போர்த்திய ஈற்றிலிருந்தும் என இருவழியில் உணவு கிடைப்பதால் அது எளிதில் பிழைக்கிறது.

மற்றோர் ஒற்றுமையும் உண்டு. ரப்பர்க் கன்றில் ஒட்டிய மொட்டு, அடிமரம் எதுவாயினும் தன் இனத்தின் இயல்பையே காட்டும். 1975இல் காரிங், லாங், லோ ஆகிய மூவர் குரங்குகளின் வாயில் செய்த சோதனையால், ஈற்றின் இணைப்புத் திசுவை அசையும் மென்பகுதியில் வைத்தாலும் அதன்மேல் கெரட்டின் உடைய உறுதியான தோலே வளர்கிறது என்று கண்டனர். மேலுள்ள தோலின் இயல்பைக் கீழுள்ள திசுவே முடிவு செய்கிறது. அண்ணத்துத் திசுவை ஈற்றில் வைத்தால் அது உறுதியான ஈறாக விளங்குவது இதனாலேயே.

யாருக்குப் பயன்?

நோயாளி மருத்துவரிடம் கேட்கவேண்டிய முதல் வினா, ஒட்டு வைக்கலாமா என்பதன்று. வைத்தால் எவ்வளவு மூடும் என்பதே. இதற்கு விடைகாண 1985இல் மில்லர் என்பார் ஈறு விலகலை நான்கு வகுப்பாகப் பிரித்தார். பற்களுக்கு இடையிலுள்ள எலும்பும் ஈறும் குறையாமல் இருப்பின் முதல் இரு வகுப்பு. அவற்றில் வேரை முழுவதும் மூடுதல் கூடும். இடையெலும்பு ஓரளவு குறைந்திருப்பின் மூன்றாம் வகுப்பு. அதில் ஒரு பகுதியையே மூடலாம். மிகுதியாகக் குறைந்திருப்பின் நான்காம் வகுப்பு. அதில் மூடுதல் இயலாது. 2011இல் கைரோ என்பாரும் துணைவரும் இதனை மூன்று வகையாகச் சுருக்கி அமைத்தனர். 2018இல் வெளியான உலகளாவிய வகைப்பாடு அதனையே ஏற்றுக்கொண்டது. எவ்வகையாகப் பிரிப்பினும் அளவுகோல் ஒன்றே: பற்களுக்கு இடையே தாங்கும் எலும்பு உளதா, இலதா?

இப்போது ஓஸ்லோ நகரத்தாரையும் தேயிலைத் தோட்டத்தாரையும் மீண்டும் எண்ணிப் பார்த்தல் தகும். புறப்பக்கத்தில் மட்டும் விலகியது முன்னவர் ஈறு. இடையெலும்பு நிற்பதால் ஒட்டு முறை அத்தகையோர்க்கு முழுப்பயன் தரும். பல்லிடையிலும் விலகியது பின்னவர் ஈறு. அங்கே எலும்பே கரைந்துபோனமையால் எத்துணைத் திறமையான கையாலும் முழுவதும் மூட இயலாது. மருத்துவத்தின் அரிய திறன் உள்ளவர்க்கே மேலும் உதவுகிறது. இல்லாதவர்க்கு இளமையிலேயே தூய்மை கற்பித்தல் ஒன்றே உதவும். ஒட்டு முறையைப் பாராட்டும்போது இவ்வுண்மையை மறத்தல் ஆகாது.

முழுவதும் மூட இயலாத நிலையிலும் சிலருக்கு ஒட்டு வைப்பதுண்டு. உறுதியான ஈறு மிகக் குறுகி, பிரஷ் பட்டாலே நோவதால் பல் துலக்க முடியாதவர்க்கு, ஈற்றை அகலப்படுத்துதலே நோக்கமாக அமையும். கூச்சமோ, தோற்றக் கவலையோ, மேலும் விலகும் அறிகுறியோ இல்லாதவர்க்கு அறுவை வேண்டியதில்லை. காலந்தோறும் அளந்து பார்த்து வந்தால் போதும்.

முன்னும் பின்னும்

ஒட்டுக்கு முன் காரணத்தை நீக்குதல் வேண்டும். காரை அகற்றி, ஈற்று வீக்கம் தணிந்து, துலக்கும் முறை திருந்திய பின்னரே அறுவை. விலகச் செய்த பழக்கம் மாறாதிருப்பின் ஒட்டிய ஈறும் ஒருநாள் விலகும். புகைப்போர்க்கு ஒட்டு பிடிப்பது குறைவு. புகை இரத்த ஓட்டத்தைக் குறைப்பதே அதற்குக் காரணம்.

அறுவை, வாயை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டே நடைபெறும். முழு மயக்கம் பெரும்பாலும் தேவையில்லை. பின்னர் ஏறத்தாழ இரண்டு வாரம் அவ்விடத்தைத் துலக்காமல், குளோர்ஹெக்சிடின் கலந்த மருந்துநீரால் கொப்புளித்தல் வேண்டும். மென்மையான, சூடு தணிந்த உணவே ஏற்றது. உதட்டை இழுத்து இழுத்துப் பார்த்தல் கூடாது. ஒட்டுக் கட்டிய கன்றை நாள்தோறும் அவிழ்த்துப் பார்ப்பவன் கன்றைக் கெடுப்பான். அண்ணத்தில் நோவும், சிலவேளை இரத்தக் கசிவும் உண்டாகலாம். பெரும்பாலும் சில வாரங்களில் புண் ஆறிவிடும்.

அண்ணத்திலிருந்து எடுக்க விரும்பாதவர்க்கு மாற்றுப் பொருள்களும் உள்ளன. மனிதர் கொடையளித்த தோலிலிருந்து உயிரணுக்களை நீக்கிப் பதப்படுத்தியவை சில. விலங்குகளின் கொலாஜனால் ஆனவை சில. இப்பின்னவற்றுள் பன்றியிலிருந்து பெறப்படுவனவும் உண்டு. ஆதலின் சமயம், உணவு ஒழுக்கம் ஆகியவற்றைப் பேணுவோர் முன்னரே மருத்துவரைக் கேட்டுத் தெளிதல் நன்று. பயனில், தம் அண்ணத்துத் திசுவே பொதுவாக மேம்பட்டு நிற்கிறது.

முடிவாக

பல மணி நேரம் கற்ற கையும், நுண்ணிய கத்தியும், மெல்லிய நூலும் கொண்டு மருத்துவர் மூடுவது சில மில்லிமீட்டர் இடம். அந்தச் சில மில்லிமீட்டரை இழக்காமல் காப்பதற்கு வேண்டியது மென்மையான பிரஷ் ஒன்றும், அதனை எழுதுகோல் பிடிப்பதுபோல் இலேசாகப் பிடித்து, ஈற்றின் விளிம்பை நோக்கிச் சாய்த்து, சிறு சிறு அசைவாகத் துலக்கும் பழக்கமும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் பல் மருத்துவரைக் காணலுமே. எழுத்தின் பிறப்பிடங்களைக் கற்பிக்கும் வகுப்பில், அவ்விடங்களைக் காக்கும் வழியையும் ஓரிரு சொல்லில் சேர்த்துக் கற்பிப்பது ஆசிரியர்க்கு அரிய செயலன்று. ஒட்டு வைத்து மீட்கும் ஈற்றினும், ஒட்டு வேண்டாதபடி காக்கும் ஈறே சிறந்தது.